39க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

உரால் மலைப் பக்கம் ஒரு ரஷ்ய யூனிவர்சிட்டில என்னைப் போஸ்ட்டாக்கா, அதாவது பிஎச்டி முடிச்சவங்க பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு, எடுத்ததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, நான் பண்ணிட்டிருந்த நானோ மெட்டீரியல் வேலை அவங்க லேபுக்கு ஒத்து வந்துச்சு. ரெண்டாவது, நான் ரஷ்யன் இல்ல. இத யாரும் மறைக்கக்கூட இல்ல, சேர்ந்த புதுசுல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இருந்த பொண்ணு ரொம்ப சந்தோஷமா சொல்லுச்சு, நீங்க வந்ததால எங்க ஃபாரின் ஸ்டாஃப் பர்சன்டேஜ் கொஞ்சம் ஏறும்னு. உலக ரேங்கிங்ல வெளிநாட்டு ஆசிரியர் எத்தன பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல ஒரு தலை நான். அந்த வருஷங்கள்ல செல்யாபின்ஸ்க், எகாதரின்பர்க், தோம்ஸ்க்னு கிளம்பிப் போன நம்மாளுங்க நிறைய பேருக்கு இதே கதைதான்.

யூனிவர்சிட்டி பேரு வேணாம், அங்க இருக்கவங்க இன்னும் அங்கதான் வேலை பாக்குறாங்க. ஆனா அந்த டிபார்ட்மென்ட்ல, அவங்க பாஷைல கஃபெட்ரா, நான் பாத்த விஷயத்த எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ஏன்னா சோவியத் உடைஞ்ச பிறகு யூனிவர்சிட்டிகள்ல வந்த சீர்திருத்தம்னா பெருசுங்க எதிர்த்தாங்க, சின்னதுங்க வரவேற்றாங்கன்னு ரெண்டு வரில முடிச்சிடுறாங்க. நான் பாத்தது அப்படி இல்ல. பெருசுங்க எப்படியோ தப்பிச்சுக்கிட்டாங்க, சின்னதுங்க கொஞ்ச நாள் நல்லா இருந்தாங்க, நடுவுல மாட்டினவங்கதான் ரெண்டு பக்கமும் அடி வாங்கினாங்க, அவங்களப் பத்தி யாரும் பேசுறதே இல்ல.

முதல்ல பின்னணி. 2012 மே 7ஆம் தேதி, புடின் மறுபடி அதிபரா பதவி ஏத்துக்கிட்ட அன்னைக்கே, ஒரு கட்டு ஆணைல கையெழுத்து போட்டாரு. அதுல ஒண்ணு, 2020க்குள்ள ரஷ்யாவோட 5 யூனிவர்சிட்டியாவது உலக ரேங்கிங்ல முதல் 100க்குள்ள வரணும். அதே ஆணைல இன்னொரு வரி, வெப் ஆஃப் சயின்ஸ்னு உலக ஆராய்ச்சிக் கட்டுரைங்களத் தொகுக்குற பட்டியல் ஒண்ணு இருக்கு, அதுல வர்ற பேப்பர்கள்ல ரஷ்யாவோட பங்கு 2015க்குள்ள 2.44 சதவீதம் ஆகணும். அது என்ன 2.44ன்னு எனக்கு இன்னைக்கும் புரியல, 2.5ன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்? சரி விடுங்க. அப்படி வந்ததுதான் 5-100 திட்டம், 2013ல 15 யூனிவர்சிட்டியோட ஆரம்பிச்சு 2015ல 21 ஆச்சு, மொத்தம் சுமார் 8,000 கோடி ரூபிள் செலவாச்சு. 2021ல அவங்க ஊரு தணிக்கைத் துறை ரிப்போர்ட் போட்டுச்சு, பொது ரேங்கிங்ல முதல் 100க்குள்ள திட்டத்துல இருந்த ஒரு யூனிவர்சிட்டியும் வரலைன்னு. மாஸ்கோ ஸ்டேட் யூனிவர்சிட்டி உள்ள இருந்துச்சு, ஆனா அது திட்டத்துலயே கிடையாது!

ஆனா டார்கெட் அடிச்சாங்களா இல்லையாங்கறது எனக்கு முக்கியமா படல. அந்த எட்டு வருஷத்துல ஒவ்வொரு கஃபெட்ராக்குள்ளயும் யாரு பெரிய ஆளு, யாரு சின்ன ஆளுங்கற வரிசையே மாறிப்போச்சு, அதுதான் விஷயம்.

பழைய ஏற்பாடு எப்படின்னா, சோவியத் காலத்துல ஆராய்ச்சி பெரும்பாலும் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் இன்ஸ்டிட்யூட்டுங்கள்ல நடக்கும், யூனிவர்சிட்டினா முக்கியமா பாடம் எடுக்குற இடம். ஆராய்ச்சி பண்ணவே இல்லைன்னு இல்ல, பண்ணாங்க, ஆனா வேலை வாங்குறது பாடத்துக்குத்தான். நான் இருந்தப்பவும் ஒரு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 900 மணி நேரம் வரைக்கும் டீச்சிங் லோடு போடலாம், அதுதான் உச்சவரம்பு. டிகிரில ரெண்டு படி, முதல்ல கேண்டிடேட் ஆஃப் சயின்ஸ், அப்புறம் பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு டாக்டர் ஆஃப் சயின்ஸ். ரெண்டையும் மாஸ்கோல இருக்குற வாக்ங்கற கமிஷன்தான் கடைசில ஓகே பண்ணும். நம்ம பிஎச்டி அங்க முதல் படிக்குத்தான் சமம், ரெண்டாவது படி ஏறினவருக்குத்தான் உண்மையான மரியாதை. ரெண்டாவது படி ஏறினா கவுன்சில்ல உக்காரலாம், அடுத்தவன் தீசிஸ பாஸ் பண்ணலாம், நிறுத்தலாம்.

எங்க கஃபெட்ராவுல ஒரு பெரியவர் இருந்தாரு, எழுபதுகள்ல தீசிஸ டிஃபெண்ட் பண்ணவரு, அதாவது கவுன்சில் முன்னாடி நின்னு வாதாடி டிகிரி வாங்கினவரு, எண்பத நெருங்கிட்டிருந்தாரு. இங்கிலீஷ் சுத்தமா வராது, ஸ்கூல்ல ஜெர்மன் படிச்ச தலைமுறை அவங்க. நம்ம ஊர்ல என்சிபிஎச் கடைல சோவியத் மிர் பதிப்பகத்து ஃபிசிக்ஸ், மேத்ஸ் புக்க சல்லிசு விலைக்கு வாங்கிப் படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி புக்க எழுதின தலைமுறையோட கடைசி வாரிசு மாதிரி. அவரு பேப்பரெல்லாம் ரஷ்யன் ஜர்னல்ல. ஆனா ஒரு விஷயம், அப்ப நல்ல சோவியத் ஜர்னல அமெரிக்காக்காரன் அவனே காசு போட்டு இங்கிலீஷ்ல மாத்தி விட்டுட்டு இருந்தான், அவங்களோட முக்கியமான ஃபிசிக்ஸ் ஜர்னல் ஒண்ண 1955லேர்ந்து அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபிசிக்ஸ் மொழிபெயர்த்துச்சு. அதனால 2013ல எல்லாருக்கும் ஸ்கோபஸ்ல, அதுவும் வெப் ஆஃப் சயின்ஸ் மாதிரி ஒரு கட்டுரைப் பட்டியல், ஐடி எடுக்கச் சொன்னப்ப, பெரியவருக்கு எடுத்துப் பாத்தா அவரே மறந்துபோன எண்பதுகளோட பேப்பருக்கெல்லாம் சைட்டேஷன், அதாவது மத்தவங்க மேற்கோள் காட்டின கணக்கு, உக்காந்திருக்கு, அத வச்சுப் போடுற ஹெச் இன்டெக்ஸ்ங்கற மதிப்பெண் கஃபெட்ராலயே ரெண்டாவது பெருசு அவருக்குத்தான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அவரு அதப் பத்தி அலட்டிக்கவே இல்ல. காலைல டீ போட்டுக் குடிச்சிட்டு, ஸ்டூடன்ட் யாராவது வந்தா போர்டுல எழுதிக் காட்டிட்டு, மத்தியானம் கிளம்பிடுவாரு.

அவரு ஏன் இன்னும் ரிடையர் ஆகலைன்னு கேட்டா, எங்க ஆகுறது. அங்க பென்ஷன் ரொம்பக் கம்மி, வேலையும் பாத்துக்கிட்டு பென்ஷனும் வாங்குறவங்களுக்கு 2016லேர்ந்து 2024 வரைக்கும் விலைவாசிக்கு ஏத்த உயர்வயும் நிறுத்தி வச்சிருந்தாங்க, அப்படியும் வேலைய விட்டா கைக்கு வர்ற காசு இன்னும் கம்மி. அதனால கால் ஸ்டாவ்கா, அரை ஸ்டாவ்கான்னு, அதாவது ஒரு முழு போஸ்ட்ட பிச்சுப் பிச்சு, பெரியவங்கள வச்சுக்குவாங்க. அவங்க பேரு இருந்தா டிஃபென்ஸ் கவுன்சில் உயிரோட இருக்கும், அவங்களுக்கும் ஒரு அறை, ஒரு மேசை.

இப்ப நடுவுல இருக்கவங்க கதைக்கு வரேன். என் பக்கத்து மேசை டோசன்ட் மேடம், அசோசியேட் ப்ரொஃபசர்னு வச்சுக்கங்க, அம்பதுல இருந்தாங்க. அவங்க ஆராய்ச்சி மாணவியா சேர்ந்தது 90களோட ஆரம்பத்துல, அதவிட மோசமான நேரம் பாத்து யாரும் சேர முடியாது. சம்பளம் மாசக்கணக்குல வராது, வந்தாலும் விலைவாசில கரைஞ்சிடும். இன்ஸ்டிட்யூட்ல கூட வேலை பாத்தவங்க துருக்கிக்கும் சீனாவுக்கும் போயி பெரிய கோணிப்பைல துணிமணி வாங்கிட்டு வந்து மார்க்கெட்ல வித்திருக்காங்க, மேடம் வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் அதத்தான் பண்ணாரு. ரஷ்யால ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை 1990ல கிட்டத்தட்ட 10 லட்சம், 2000ல 4.26 லட்சம், 2020 வாக்குல 3.5 லட்சம். போனது யாரு? முப்பதுலயும் நாப்பதுலயும் இருந்தவங்க. அமெரிக்கா, ஜெர்மனி, இஸ்ரேல், இல்லைன்னா பேங்க், இல்லைன்னா கடை. அதனாலதான் அங்க ஆராய்ச்சியாளர் வயசுக் கணக்க வரைஞ்சா கிழவங்க பக்கம் ஒரு மேடு, இளைஞர் பக்கம் ஒரு மேடு, நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்துல நின்னு போகாம இருந்தவங்க தலைமுறை மேடமோடது.

அந்த நேரத்துல ஜார்ஜ் சோரோஸ் 10 கோடி டாலர் போட்டு ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாரு. 1993ல அவசர உதவினு ஆளுக்கு 500 டாலர், 20,000 பேருக்கு மேல கிடைச்சுச்சு. கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, கடைசி 5 வருஷத்துல நல்ல ஜர்னல்ல மூணு பேப்பர் இருக்கணும். அன்னைக்கு 500 டாலர்னா பல பேருக்கு ஒரு வருஷச் சம்பளம் மாதிரி. பெரியவருக்குக் கிடைச்சுச்சு. மேடம் அப்பதான் சேர்ந்திருந்ததால மூணு பேப்பர் இல்ல, கிடைக்கல. பேப்பர எண்ணிக் காசு குடுக்குற பழக்கம் ஏதோ 2012ல புடின் கண்டுபிடிச்சது மாதிரி பேசுறவங்களுக்கு இத சொல்லணும், அந்த எண்ணிக்கை சோவியத் செத்த ரெண்டாம் வருஷமே வந்துடுச்சு, அன்னைக்கும் அது காப்பாத்தினது ஏற்கனவே பேப்பர் வச்சிருந்தவங்களத்தான்.

மேடம் எப்படியோ 90களோட கடைசில கேண்டிடேட் டிஃபெண்ட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் பழைய வழக்கப்படி என்ன நடக்கணும்? பாடம் எடுக்கணும், ஸ்டூடன்ட்ஸுக்குக் கைடு எழுதணும், ரஷ்யன் ஜர்னல்ல வருஷத்துக்கு ரெண்டு கட்டுரை, ஒரு மோனோகிராஃப், அதாவது ஒரே விஷயத்தப் பத்தின ஆராய்ச்சிப் புத்தகம், நாப்பத்தஞ்சு வயசுல டாக்டர் டிகிரி, அப்புறம் கஃபெட்ரா தலைவர். அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் அந்த வழில போனவங்க. ரேஷன் கடைல வெயில்ல நின்னு நின்னு நம்ம முறை வர்ற நேரம் பாத்து, இந்தக் கவுன்ட்டர் மூடியாச்சு, அங்க பாருங்கன்னு சொன்னா எப்படி இருக்கும், அதுதான் 2013ல அவங்களுக்கு நடந்துச்சு. 2009ல போட்ட மோனோகிராஃப், முன்னூறு பக்கம், அஞ்சு வருஷ உழைப்பு, ஸ்கோபஸ் மாதிரி பட்டியல்ல ஏறுற பேப்பர எண்ணிப் பாயின்ட் போடுற புது சிஸ்டத்துல அதுக்குக் கிடைச்சது ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பர விடக் கம்மி.

கான்ஃபரன்ஸ் பேப்பர்னு சொன்னதும் ஞாபகம் வருது. க்யூ1, அதாவது அந்தத் துறைல முதல் கால்வாசிக்குள்ள ரேங்க் இருக்குற ஜர்னல்ல வந்தா பெரிய போனஸ், அது எல்லாருக்கும் முடியாது, ஆனா ஸ்கோபஸ்ல ஏறுற கான்ஃபரன்ஸ் தொகுப்பு இருக்கே, ஐஓபி கான்ஃபரன்ஸ் சீரிஸ் மாதிரி, அதுல பணம் கட்டி நாலு பக்கம் போட்டா அதுவும் ஒரு எண்ணிக்கை. ரஷ்யாவோட ஸ்கோபஸ் கணக்கு அந்த வருஷங்கள்ல ஏறினதுல இந்தத் தொகுப்புங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. டிசம்பர் வந்துட்டா கஃபெட்ரா முழுக்க இதே பேச்சு, ரிப்போர்ட்டுக்கு இன்னும் ரெண்டு குறையுது, யாருகிட்டயாவது டேட்டா இருக்கா, நாலு பக்கம் தேத்தலாமா. எழுதுறது யாரு? இங்கிலீஷ் தெரிஞ்ச சின்னப் பசங்க. பேரு யாரு பேரு? எல்லார் பேரும். எனக்கே ரெண்டு பேப்பர்ல என் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், வெளிநாட்டு ஆத்தர் இருந்தா அதுக்கும் ஒரு பாயின்ட்டாம். இதுக்கும் ஒரு படி மேல போயி, ஆத்தர் லிஸ்ட்ல இடத்த விலை போட்டு விக்குற வெப்சைட்டே ரஷ்யால நடந்துச்சு, 2019ல அது உலகம் முழுக்க செய்தியாச்சு.

இப்ப தலைப்புல இருக்குற 39. 2013 கடைசில ரஷ்யன் சயின்ஸ் ஃபவுண்டேஷன்னு புதுசா ஒண்ணு வந்துச்சு, நல்ல பெரிய கிரான்ட், பியர் ரிவ்யூ, அதாவது அதே துறை ஆளுங்க பாத்து மதிப்பிடுறது, எல்லாம் ஒழுங்கா இருக்கும், நிஜமாவே நல்ல அமைப்பு. ஆனா அதோட குரூப் கிரான்ட்டுக்கு ஒரு விதி, டீம்ல பாதிப் பேராவது 39 வயசுக்குள்ள இருக்கணும். எதுக்குன்னு புரியுது, அந்த வயசு மேடும் பள்ளமும் பாத்துதான் போட்டிருக்காங்க, இளைஞர் ஓடிப்போகாம இருக்கணும்னு. ஆனா லேபுக்குள்ள அது என்ன பண்ணுச்சு பாருங்க. பத்துப் பேர் டீம்னா அஞ்சு பேர் சின்னவங்க. மீதி அஞ்சுல பெரிய ஹெச் இன்டெக்ஸ் இருக்குற லீடர் ஒருத்தர், அவருக்கு வேண்டிய பெரிய பேரு ரெண்டு. மிச்சம் ரெண்டு சீட்டுக்கு கஃபெட்ராவுல இருக்குற நாப்பதும் அம்பதும் எல்லாரும் அடிச்சிக்கணும். நாப்பத்தோரு வயசு ஆன ஒரு ஆளு, நல்ல எக்ஸ்பெரிமென்டலிஸ்ட், மெஷின் ரிப்பேர் ஆனா அவரு வந்தாத்தான் ஓடும், அவர கிரான்ட்ல சேக்க முடியாம இஞ்சினியர் போஸ்ட்டுல ஒட்டி வச்சிருந்தாங்க. ரெண்டு வருஷம் சின்னவரா இருந்திருந்தா எல்லா டீமும் அவர இழுத்திருக்கும்.

அரசு கணக்குல 'இளம் விஞ்ஞானி'ன்னா கேண்டிடேட்டுக்கு 35, டாக்டருக்கு 40 வரைக்கும். அதுக்குன்னு தனி கிரான்ட், தனி பரிசு, வீடு வாங்க உதவி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதெல்லாம் வேணும். நாப்பதாவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள் என்னன்னு யாரும் யோசிக்கல, அவ்ளோதான்.

அப்புறம் சம்பளம். அதே 2012 மே ஆணைகள்ல இன்னொண்ணு, 2018க்குள்ள யூனிவர்சிட்டி ஆசிரியர் சம்பளம் அந்தந்த ஊர் சராசரிய விட ரெண்டு மடங்கு ஆகணும். கேக்க எவ்ளோ நல்லா இருக்கு! ஆனா அதுக்கு ஏத்த காசு வரல. நிர்வாகம் என்ன பண்ணுச்சுன்னா, ஆளுங்கள அரை ஸ்டாவ்காவுக்கு மாத்திட்டு வேலைய மட்டும் முழுசா வாங்குச்சு. வாங்குற சம்பளம் அதேதான், ஒரு முழு போஸ்ட்டுக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டா பேப்பர்ல டபுள். நிறைய யூனிவர்சிட்டில இந்தக் கூத்து நடந்துச்சு. அதோட எஃபெக்டிவ் கான்ட்ராக்ட்னு ஒண்ணு, அடிப்படைச் சம்பளம் கம்மி, மீதி பாயின்ட்டுக்கு. பேப்பர் போடுறவங்களுக்கு கிளாஸ் குறைக்கணும், அந்தக் கிளாஸ யாரு எடுப்பா? மேடம் எடுப்பாங்க. வருஷத்துக்கு 900 மணி நேரம் எடுக்குறவங்க பேப்பர் எப்ப எழுதுறது? எழுத மாட்டாங்க, அதனால பாயின்ட் இல்ல, அதனால அடுத்த வருஷமும் கிளாஸ் அவங்களுக்கே. கான்ட்ராக்ட்டும் பல பேருக்கு ஒரு வருஷம்தான், வருஷா வருஷம் போட்டி அறிவிச்சு அதே ஆளு அப்ளை பண்ணி அதே சீட்டுல உக்காரணும். எங்க பில்டிங்ல ஃபர்ஸ்ட் இயருக்கு கெமிஸ்ட்ரி புரியுதுன்னா அது நாப்பது தாண்டின நாலஞ்சு பெண்களாலதான், ரேங்கிங் ரிப்போர்ட்ல அவங்க பேரு ஒரு இடத்துலயும் வராது. ஹைதராபாத்லேர்ந்தும் திருச்சிலேர்ந்தும் வந்த எங்க பேரு இருக்கும்.

இதுல இன்னொரு தலைமுறை இருக்கு, வெளிய போயிட்டு வந்தவங்க. 2010ல மெகா கிரான்ட்னு ஒரு திட்டம், 15 கோடி ரூபிள் வரைக்கும் குடுப்பாங்க, வெளிநாட்டுல இருக்குற பெரிய விஞ்ஞானி வந்து லேப் ஆரம்பிக்கணும், வருஷத்துல நாலு மாசம் இங்க இருந்தாப் போதும். ஜெயிச்சவங்கள்ல கணிசமான பேரு 90கள்ல நாட்ட விட்டுப் போன அதே ரஷ்யன்ஸ். போனவங்க பாஸா திரும்பி வராங்க, போகாம உருளைக்கிழங்கு நட்டு சாப்பிட்டு லேப காப்பாத்தினவங்க அவங்களுக்கு கீழ. ஒரே பேட்ச், ஒரே ஹாஸ்டல்ல இருந்தவங்களாக்கூட இருப்பாங்க. பக்கத்து டிபார்ட்மென்ட்ல இப்படி ஒரு லேப் இருந்துச்சு, புது மைக்ரோஸ்கோப், புது காஃபி மெஷின், கதவுக்கு கார்டு லாக். எங்க பக்கத்துலேர்ந்து யாரும் அந்தக் கதவ சும்மா தாண்டமாட்டாங்க, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவாங்க. இதுல யாரு பக்கம் நியாயம்னு எனக்குத் தீர்ப்பு சொல்ல வராது, ஏன்னா அந்த லேப்ல வேலை நிஜமாவே நல்லா நடந்துச்சு, நானும் சாம்பிள் தூக்கிட்டு அங்கதான் ஓடுவேன்.

பழசு எல்லாம் பொன்னுன்னும் சொல்ல வரல. பழைய சிஸ்டத்துல ஒரு பெரியவர் மனசு வச்சாத்தான் தீசிஸ் நகரும். அங்கயே படிச்சு, அங்கயே டிஃபெண்ட் பண்ணி, அங்கயே வேலைக்குச் சேர்ந்து, அங்கயே ரிடையர் ஆவாங்க, வெளிக்காத்தே படாது. டிஃபென்ஸ் முடிஞ்சா ஒரு விருந்து, யார் யார கூப்பிடணும்னு ஒரு பெரிய அரசியல். தீசிஸ் திருட்டு வேற. 2013ல டிசெர்நெட்னு ஒரு தன்னார்வக் குழு கிளம்பி அரசியல்வாதி, அதிகாரி, ரெக்டர்னு வரிசையா தீசிஸ எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தெந்த பக்கம் எங்கேர்ந்து சுட்டதுன்னு கலர் அடிச்சு வெப்சைட்ல போட ஆரம்பிச்சாங்க. 2020 ஜனவரில அகாடமியோட கமிஷன் ஒண்ணு ரிப்போர்ட் போட்டதுல ரஷ்யன் ஜர்னலுங்க 800க்கு மேல பேப்பர வாபஸ் வாங்குச்சு, பல கேஸ்ல ஒரே கட்டுரை ரெண்டு மூணு ஜர்னல்ல, ஆத்தர் பேரு மட்டும் மாத்தி. ஸ்கோபஸ் வந்ததால திருட்டு வந்துச்சுன்னு சொல்ல முடியாது, இருந்த திருட்டுக்கு இங்கிலீஷ் கத்துக்குடுத்துச்சு, அவ்ளோதான்.

அகாடமிக்கும் அடி விழுந்துச்சு. 2013 ஜூன் கடைசில, கோடை லீவு ஆரம்பிக்கிற நேரம் பாத்து, அரசு திடீர்னு மசோதா கொண்டு வந்துச்சு, மூணு அகாடமிய ஒண்ணாக்கி, இன்ஸ்டிட்யூட்டு, கட்டடம், நிலம் எல்லாத்தையும் ஃபானோங்கற புது ஏஜென்சி கைல குடுத்தாங்க. வயசான அகாடமிஷியன்ஸ் ரோட்டுக்கு வந்து கோஷம் போட்டாங்க, புது அகாடமில சேர மாட்டோம்னு ஒரு குழு 'ஜூலை 1 கிளப்'னு ஒண்ணு ஆரம்பிச்சுச்சு. செப்டம்பர்ல சட்டமாயிடுச்சு. ஃபானோவையே 2018ல கலைச்சிட்டாங்க, அஞ்சு வருஷம்கூட முழுசா இல்ல.

எங்க லேப்ல அல்மாட்டிலேர்ந்து வந்த ஒரு கசாக் பொண்ணு இருந்துச்சு. அவங்க ஊருல இதே கதை இன்னும் வேகமா. கசகஸ்தான் 2010 மார்ச்ல போலோன்யா ஒப்பந்தத்துல, அதாவது ஐரோப்பா நாடுங்க டிகிரி முறைய ஒரே மாதிரி ஆக்கப் போட்ட ஏற்பாட்டுல, சேர்ந்துச்சு, அதே வருஷக் கடைசியோட கேண்டிடேட், டாக்டர் டிஃபென்ஸ நிறுத்தி பிஎச்டி மட்டும்னு ஆக்கிட்டாங்க. பாதி தீசிஸ் எழுதினவங்க கதி? அந்த வருஷம் முழுக்க கவுன்சில் வாசல்ல கூட்டம் அலைமோதியிருக்கு, அதுக்குள்ள முடிச்சவங்க முடிச்சாங்க, முடியாதவங்க பத்து வருஷம் வேலை பாத்தும் டிகிரி இல்லாம நின்னாங்க, அவ சித்தி அதுல ஒருத்தங்களாம். 2011லேர்ந்து பிஎச்டி வாங்கணும்னா இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது எவ்ளோ மேற்கோள் காட்டுறாங்கங்கற மதிப்பெண், இருக்குற வெளிநாட்டு ஜர்னல்ல பேப்பர் வேணும், வெளிநாட்டு கோ-கைடும் வேணும். கைடு பண்ற ப்ரொஃபசருக்கே அப்படி ஒரு பேப்பர் கிடையாது! அதனால எப்படி சப்மிட் பண்றது, கவர் லெட்டர் எப்படி எழுதுறதுன்னு மாணவி ப்ரொஃபசருக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. அவசரத்துல பணம் வாங்கிட்டு எதையும் போடுற ஜர்னலுங்கள்ல நிறைய பேரு விழுந்தாங்க, கொஞ்ச நாள்ல அதுல பலது ஸ்கோபஸ்லேர்ந்து தூக்கப்பட்டுச்சு, காசும் போச்சு பேப்பரும் போச்சு. கசாக் இலக்கியம் சொல்லிக் குடுக்குறவரும் இங்கிலீஷ்ல ஸ்கோபஸ் பேப்பர் போட்டாத்தான் பதவி உயர்வுன்னா, அந்தக் கட்டுரைய யாரு படிப்பா, கசாக் கவிதை படிக்குறவன் எல்லாம் கசாக்லதான படிப்பான்? அதே நேரத்துல 2010ல அஸ்தானால இங்கிலீஷ்லயே நடக்குற நசர்பாயேவ் யூனிவர்சிட்டி, வெளிநாட்டு ப்ரொஃபசர், வெளிநாட்டுச் சம்பளம்.

ஜார்ஜியால 2003ல ஆட்சிய மாத்தின ரோஜாப் புரட்சிக்கு அப்புறம் இன்னும் முரட்டுத்தனமா பண்ணாங்க, 2005ல நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு கொண்டு வந்து அட்மிஷன் லஞ்சத்த ஒழிச்சாங்க, அது பெரிய சாதனை, ஆனா கூடவே ப்ரொஃபசர் எல்லாரும் அவங்க பதவிக்கே மறுபடி போட்டி போடணும்னு சொன்னதுல வயசானவங்க நிறைய பேரு வெளிய போனாங்க. பால்டிக் நாடுங்க இத எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிட்டாங்க, எஸ்டோனியா 1991-92லயே ஸ்வீடன் அகாடமியக் கூப்பிட்டு, எங்க ஆராய்ச்சி எப்படி இருக்குன்னு பாத்து சொல்லுங்கன்னு கேட்டுச்சு, லாட்வியா 1992ல டென்மார்க்க கேட்டுச்சு. வலி அங்கயும் இருந்துச்சு, ஆனா ஒரு தடவ வந்துட்டுப் போச்சு. ரஷ்யாலயும் கசகஸ்தான்லயும் வலி தவணை முறைல வந்துச்சு, ஒவ்வொரு தவணைக்கும் விதி வேற.

சின்னவங்க நல்லா இருந்தாங்கன்னு சொன்னேன்ல. இங்கிலீஷ் இருக்கு, கிரான்ட்ல இடம் நிச்சயம், கான்ஃபரன்ஸ்னு ஐரோப்பா போய்ட்டு வந்தாங்க. ஆனா டிகிரி? 2013லேர்ந்து ஆராய்ச்சிப் படிப்ப யூனிவர்சிட்டியோட மூணாவது கட்டப் படிப்பா மாத்தினதுல கிளாஸ், எக்ஸாம் எல்லாம் வந்துச்சு, டிஃபென்ஸ் பண்ணாமலேயே முடிச்சேன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டுப் போகலாம். பத்து வருஷத்துல, டைமுக்குள்ள டிஃபெண்ட் பண்றவங்க கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர்னு வந்து நின்னுச்சு. எங்க லேப்ல இருந்த ஒரு தம்பி, செம்ம புத்திசாலி, க்யூ1ல நாலு பேப்பர், தீசிஸ் எழுத மட்டும் நேரமில்ல. எதுக்கு எழுதணும்னு கேட்டான். போஸ்ட்டாக் போனா வெளிநாட்டுல பேப்பரத்தான பாப்பாங்கன்னான். அவன் கணக்கு அப்போதைக்கு சரிதான்.

அப்புறம் 2022. நான் அதுக்கு முன்னாடியே கிளம்பி வந்துட்டேன், இதெல்லாம் டெலிகிராம்ல அங்க இருக்கவங்க சொன்னதும் செய்தில பாத்ததும். உக்ரைன் போர் ஆரம்பிச்சதும், மார்ச்ல வெப் ஆஃப் சயின்ஸ நடத்துற கிளாரிவேட் கம்பெனி ரஷ்யால கடைய மூடுச்சு, வெப் ஆஃப் சயின்ஸ் போச்சு, அடுத்து ஸ்கோபஸும் போச்சு. அரசு அதே மார்ச்ல, ரிப்போர்ட்டுக்கு ஸ்கோபஸ் பேப்பர் வேணுங்கற கட்டாயத்த நிறுத்தி வச்சுச்சு, அப்புறம் அத நீட்டிச்சுச்சு. அதுக்குப் பதிலா 'வெள்ளைப் பட்டியல்'னு அவங்களே ஒரு ஜர்னல் லிஸ்ட். மே மாசம் அமைச்சர் போலோன்யா முறைய விடப்போறோம்னு சொன்னாரு, 2023ல ஆறு யூனிவர்சிட்டில பழைய மாதிரி நீண்ட படிப்ப மறுபடி சோதிக்க ஆரம்பிச்சாங்க. பத்து வருஷம் ஒரு எண்ணுக்காக ஓடின தம்பிங்களுக்கு அந்த எண்ணே இல்லாம போச்சு. முடிஞ்சவங்க கிளம்பிட்டாங்க. க்யூ1 தம்பி ஆர்மீனியாவுல இருக்குற யெரெவான் போயி, அங்கேர்ந்து இப்ப ஜெர்மனில இருக்கான், டிகிரி கேக்குறாங்களேன்னு புலம்புறான்.

பெரியவர் என்ன சொன்னாருன்னு மேடம்கிட்ட கேட்டேன். இவ்ளோ நாள் இங்கிலீஷ்ல எழுது எழுதுன்னாங்க, இப்ப வேணாங்கறாங்க, நான் எதுவும் மாத்தல, மறுபடி கரெக்ட்டா வந்து நிக்கிறேன் பாருன்னாராம். அவரு குசும்பு குறையல.

மேடம்தான் பாவம். 2015லேர்ந்து ராத்திரி ராத்திரி இங்கிலீஷ் கோர்ஸ் போயி, நாப்பத்தெட்டு வயசுக்கு மேல ஒரு மொழியக் கத்துக்கிட்டு, நான் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முதல் ஆத்தரா ஒரு உருப்படியான பேப்பர் போட்டாங்க, அன்னைக்கு கஃபெட்ராவுல கேக் வெட்டினோம். போன வருஷம் மெசேஜ் போட்டிருந்தாங்க, புது பாயின்ட் டேபிள் வந்திருக்காம், அதுல மோனோகிராஃபுக்கு மறுபடி நல்ல பாயின்ட் போட்டிருக்காங்களாம். உடனே நிர்வாகத்துல போயி 2009ல போட்டத சேத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க. கடைசி 5 வருஷத்துல வந்தது மட்டும்தான் கணக்குன்னு சொல்லிட்டாங்களாம். இந்த செமஸ்டர் ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் மறுபடி அவங்களுக்குத்தான், கூடவே கிளம்பிப் போன தம்பியோட லேப் கிளாஸும்.